மறுநாள் திரும்பி நுழையும் வாசல்: நஜீப் மஹ்ஃபூழின் எழுத்து வழக்கமும் நாவல் வடிவமும்

ஒரு சிறுகதைத் தொகுப்போடு எழுத்தை நிறுத்திக்கொண்டவர்கள் நம்மிடையே பலர். காரணம் கேட்டால் பணிச்சுமை, குடும்பப் பொறுப்பு, வளைகுடா வாழ்க்கை, வாசகரின்மை என்று அடுக்குவார்கள். இவற்றுள் எதுவும் பொய்யன்று. இத்தகையோருக்கு எழுத்துக்கலைக் கையேடுகள் தரும் அறிவுரையோ பெரும்பாலும் நாள்தோறும் எழுதுக என்பதோடு முடிந்துவிடுகிறது. அன்றாடம் சில மணி நேரமே வாய்க்கும் ஒருவர் எத்தகைய கதையை, எந்த அமைப்பில் எழுதினால் மறுநாளும் அதனிடம் திரும்பி வர முடியும் என்ற வினாவை அவை எழுப்புவதில்லை. எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூழின் (1911 - 2006) படைப்புகளை இந்த வினாவோடு வாசிக்கையில், அவருடைய ஒழுங்கைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் புகழுரைகளைவிடப் பயனுள்ள சில செய்திகள் கிடைக்கின்றன.

மஹ்ஃபூழ் 1934-ல் தத்துவத்தில் பட்டம் பெற்றார். அவ்வாண்டு முதல் 1970களின் தொடக்கத்தில் ஓய்வு பெறும் வரை அரசு ஊழியராகவே வாழ்ந்தார். பிற்பகல் இரண்டு மணி வரை அலுவலகம், நான்கு முதல் ஏழு வரை எழுத்து, ஏழு முதல் பத்து வரை வாசிப்பு, வெள்ளிக்கிழமை விடுமுறை. இது நேர்காணலொன்றில் அவரே தந்த கணக்கு. கண் ஒவ்வாமையால் கோடை மாதங்களில் அவர் எழுதுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், உலகம் வியக்கும் படைப்புத்திரளின் பெரும்பகுதி குளிர்காலப் பிற்பகல்களில் உருவானது என்று தெரிகிறது.

மூன்று மணி நேரம் மட்டுமே உடையவருக்கு உண்மையான இடர் எங்கே இருக்கிறது? தொடங்குவதில் அன்று, மீண்டும் நுழைவதில்தான். நேற்று விட்ட இடம், பாத்திரத்தின் குரல், அறையின் வெளிச்சம் ஆகியவற்றை மறுபடி மனத்துக்குள் கொண்டுவருவதிலேயே முதல் ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது. பத்து நாள் இவ்வாறு நேர்ந்தால் எஞ்சுவது அயர்ச்சியே. ஊக்கம் வற்றிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்வது பல வேளைகளில் இந்த அயர்ச்சியைத்தான் என்று கருதுகிறேன்.

1947-ல் வெளிவந்த ‘மிதக் சந்து’ நாவலை இக்கோணத்தில் பார்க்கலாம். அல்அஸ்ஹருக்கு அருகில் உள்ள முட்டுச்சந்து ஒன்றே கதைக்களம். இனிப்புக் கடை காமில் மாமா, நாவிதர் அப்பாஸ், கிர்ஷாவின் காப்பிக் கடை, சந்தை விட்டு வெளியேறத் துடிக்கும் ஹமீதா. காப்பிக் கடையில் வானொலி வந்துவிட்டதால், ரபாப் இசைத்துக் கதைபாடும் முதியவர் இனி வேண்டாமென்று அனுப்பப்படுகிறார். இந்தத் தொடக்கக் காட்சியிலேயே ஒரு காலம் முடிவதைச் சந்தின் அளவுக்குள் ஆசிரியர் காட்டிவிடுகிறார். பல அத்தியாயங்கள் ஒரு மனிதரையோ ஒரு வீட்டையோ எடுத்துக்கொண்டு அங்கேயே நிறைவுறுகின்றன. இன்று நாவிதர் கடை, நாளை மேல்மாடி வீடு. எங்கிருந்து தொடங்கினாலும் சந்து அங்கேயே இருக்கும். இட எல்லையைக் குறுக்கியது கதையின் கருத்துக்கு உதவியது என்பதை விமர்சகர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது எழுதுகிறவரின் அன்றாட உழைப்புக்கும் உதவியிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

இந்தக் களம் அவருக்குக் கிடைத்ததில் அலுவலகத்துக்கும் பங்குண்டு. வக்ஃபு அமைச்சகத்தில் பணியாற்றிய அவர் 1945-ல் தாம் பிறந்த ஜமாலிய்யாவுக்கு அருகிலுள்ள அல்கூரி நூலகத்துக்கு மாற்றல் கேட்டுச் சென்றார். ஏழைகளுக்கு வட்டியில்லாமல் கடன் வழங்கும் ‘கர்ழ் ஹஸன்’ திட்டத்தை அங்கே நிர்வகித்தார். அப்பகுதி வாழ்க்கையைக் கவனிக்கவும் மேலை இலக்கியத்தை வாசிக்கவும் அவருக்குத் தாராளமாக நேரம் கிடைத்த ஆண்டுகள் அவை. வேலையை எழுத்தின் பகையாக மட்டுமே பேசும் நம் நண்பர்கள் இந்த மாற்றல் விண்ணப்பத்தை எண்ணிப் பார்க்கலாம். நம் தோப்பில் முஹம்மது மீரானும் வணிகராக இருந்துகொண்டே, தாம் பிறந்த தேங்காப்பட்டணத்தின் குறுகிய பரப்புக்குள் தம் கதையுலகை நாட்டியவர்தாம்.

கெய்ரோவின் தெருப்பெயர்களைத் தலைப்புகளாகக் கொண்ட மூன்று பாக நாவலில் இடர் பன்மடங்காகிறது. மூன்று தலைமுறை, ஏறத்தாழ முப்பது ஆண்டுக் கதை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கோப்பு வைத்து, உருவம் முதலிய விவரங்களைக் குறித்துக்கொண்டார் மஹ்ஃபூழ். எழுத்தர் ஒருவரின் அலுவலகப் பழக்கம் இலக்கியத்துக்குத் தந்த கொடை என்றே இதைச் சொல்லலாம். கோப்பைவிட நுட்பமான ஏற்பாடு நாவலுக்குள்ளேயே இருக்கிறது. நள்ளிரவில் விழித்துக் கணவருக்காகக் காத்திருக்கும் அமீனா, விடியலில் மாவு பிசையும் ஓசை, பிள்ளைகள் தாயைச் சூழ்ந்தமரும் மாலைக் காப்பி வேளை. இவை மீண்டும் மீண்டும் வருகின்றன. வாசகர் இவ்வழியே வீட்டுக்குள் நுழைகிறார். ஆசிரியரும் நாள்தோறும் இவ்வழியேதான் நுழைந்திருப்பார். மூன்றாம் பாகத்தில் அதே காப்பி வேளையில் ஆட்கள் குறைந்திருப்பதைக் காணும்போது, இழப்பைச் சொல்லத் தனி வருணனை தேவைப்படவில்லை.

அந்தப் பெரும் கையெழுத்துப்படியைக் கண்ட பதிப்பாளர் அதன் பருமனுக்கு அஞ்சி மறுத்தார். ‘அர்ரிஸாலா அல்ஜதீதா’ இதழில் முதற்பகுதி தொடராக வந்த பின்னரே, 1956-57-ல் மூன்று நூல்களாக அது வெளியாயிற்று.

நாவலை எழுதி முடித்த 1952-ல்தான் எகிப்தில் முடியாட்சி வீழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகள் அவர் நாவல் எழுதவில்லை. தாம் விமர்சிக்க விரும்பிய பழைய சமூகமே போய்விட்டது என்பது அவர் தந்த விளக்கம். நான்கு முதல் ஏழு என்ற நேரம் அப்போதும் இருந்தது. நுழைவதற்கு உலகம்தான் இல்லை. நேர ஒழுங்கு எழுத்துப் பொருளைப் படைத்துத் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவர் பொய்யாக ஒரு நாவலைக் கட்டவுமில்லை, எழுத்தைத் துறப்பதாக அறிக்கை விடவுமில்லை. திரைக்கதைகள் எழுதினார், அலுவலகம் சென்றார். 1959-ல் ‘அல்அஹ்ராம்’ நாளிதழில் தொடராக வந்த ‘அவ்லாது ஹாரத்தினா’ மார்க்க அறிஞர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்விவாதம் தனிக் கட்டுரைக்குரியது. திரும்பி வந்தவர் மீண்டும் ஒரு சந்தின் வழியாகவே, ‘ஹாரா’ என்னும் அடைபட்ட தெருவின் வழியாகவே வந்தார் என்பது மட்டும் இங்கே கவனத்துக்குரியது.

இந்த ஒழுங்கை முற்றிலும் போற்றவும் இயலவில்லை. 1973-ல் வந்த ‘மழையில் காதல்’ போன்ற நாவல்களில் பாத்திரங்கள் வரிசையாக வந்து போகிறார்கள். ஒருவரும் மனத்தில் தங்குவதில்லை. எழுதும் நேரம் வந்துவிட்டது என்பதற்காக எழுதப்பட்டவை இவை என்ற ஐயம் வாசிக்கும்போது எழுகிறது. 1952-க்குப் பின் காத்திருக்கத் தெரிந்தவர் இங்கும் காத்திருந்திருக்கலாம்.

1994 அக்டோபரில், தம் எண்பத்திரண்டாம் வயதில் அவர் கத்தியால் கழுத்தில் குத்தப்பட்டார். உயிர் பிழைத்தாலும் வலக்கையின் நரம்புகள் பாதிக்கப்பட்டன. நோபல் பரிசு (1988) பெற்ற அந்தக் கை, தன் பெயரை எழுதுவதிலிருந்து மறுபடி பயிற்சியைத் தொடங்கியது. பார்வையும் செவியும் முன்பே மங்கியிருந்தன. மூன்று மணி நேரத்துக்குரிய வடிவத்தை இனி அந்தக் கை தாங்காது. அவர் தேர்ந்துகொண்டது ‘உடல்தேறும் காலத்துக் கனவுகள்’ என்ற வரிசை. ஒவ்வொன்றும் சில வரிகள், மிஞ்சினால் ஒரு பக்கம். ஒரே அமர்வில் தொடங்கி முடிவதால், மறுநாள் திரும்பி நுழைய வேண்டிய தேவையே இல்லாத வடிவம் இது. கையும் ஓய்ந்தபோது கனவுகளை மனத்திலேயே செப்பம் செய்து, பிறரை எழுதவைத்தார். பழைய வீடுகளும் இறந்துபோன நண்பர்களும் அவற்றில் வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தத் துண்டுகளுக்கு அவர் தலைப்பிடவில்லை; வெறும் எண்கள்தாம்.