தொட்டால் ஷாக் அடிக்கும்

கி. ராஜநாராயணனின் ‘கரண்டு’ கதையை வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் கேட்பார்கள்: இந்த மின்சாரம் வீட்டுக்குள் வந்தபோது என்ன ஆச்சு மேடம்? 1992இல் கே. ஹரிஹரன் இந்தியில் படமாகவும் எடுத்த அந்தக் கதை பம்புசெட்டைச் சுற்றியது. இடைசெவல், கயத்தாறு பக்கத்துக் கரிசல் சம்சாரிக்கு மின்சாரம் என்றால் முதலில் கிணற்றுத் தண்ணீர்தான். அதில் குறை காண எதுவுமில்லை. வீட்டுக்குள் வந்த மின்சாரத்தைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பழைய வால்வு ரேடியோ சேகரிக்கும் ஆண்கள். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், மரப்பெட்டி, பச்சைக் கண், தாத்தாவின் சாய்வு நாற்காலி. இந்தப் படத்தில் பாட்டி எங்கே நிற்கிறாள் என்று தேடினால் கிடைப்பதில்லை.

அவளுக்குச் சொல்லப்பட்டது ஒன்றே: “ஏட்டி, அதுல கைய வைக்காத, ஷாக் அடிச்சிரும்.” பொய்யில்லை. சில ஊர்களில் ஏசியும் சில ஊர்களில் டிசியும் இருந்த காலத்துக்காக, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செய்த ரேடியோக்கள் இருந்தன. வீட்டுக்கு வரும் கம்பி ஒன்று உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தோடு நேரே சேரும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் அந்தச் சட்டத்தில் மின்சாரம் நிற்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டால் அடிக்கத்தான் செய்யும், ஆணையும் சேர்த்து. எச்சரிக்கை மட்டும் பெண்ணுக்கு. கொதிக்கும் உலைக்கு முன்னால் நிற்பவளிடம் சூட்டைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. கருவியின் கோளாறு வீட்டின் ஒழுக்கமாக மாறியது இப்படித்தான்.

கரண்டு வராத ஊர்களில் 90 வோல்ட் பேட்டரியில் ரேடியோ பாடியது. அங்கே வேறு காரணம்: பேட்டரி தீர்ந்துபோகும். தபால் ஆபீசில் வருஷாவருஷம் பணம் கட்டிய லைசென்சு, எங்கள் சொந்தத்தில் நான் பார்த்தவரை, ஆண்கள் பெயரில்தான்.

காதை மட்டும் பூட்ட முடியவில்லை. இலங்கை வானொலியில் ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் அடுப்படிக்கும் கேட்டது. 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையமும் வந்தது. ஆண்கள் காட்டுக்குப் போனபின் தானே திருகிக் கேட்டவர் என் அத்தை. வால்வு சூடாகி ஒலி வர அரை நிமிஷம் ஆகும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அணைத்த பிறகும் பெட்டியின் மேல்பலகை வெதுவெதுப்பாகவே இருக்கும். மாமா வந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பாராம். அதனால் மத்தியான நாடகம் எதையும் அத்தை கடைசிவரை கேட்டதில்லை. பலகை ஆற நேரம் விட்டுப் பாதியிலேயே அணைத்துவிடுவார்.