52.70 விநாடியும் விடுபட்ட பெயரும்

2016 ரியோ ஒலிம்பிக். ஆகஸ்ட் 11 இரவு நடந்த பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டியில் எல்லோர் கண்ணும் ஆஸ்திரேலியாவின் கேட் கேம்பல் மீதுதான் இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் 52.06 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்திருந்தார். முதல் 50 மீட்டரை அந்தச் சாதனையையும் மிஞ்சும் வேகத்தில் கடந்தார். ஆனால் கடைசி 25 மீட்டரில் கைகள் கனத்தன. ஆறாவதாகத்தான் அவரால் முடிக்க முடிந்தது.

தங்கம் இருவருக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் சைமோன் மேனுவல், கனடாவின் 16 வயது பென்னி ஒலெக்ஸியாக் இருவரும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டார்கள்: 52.70 விநாடி, புதிய ஒலிம்பிக் சாதனை. அப்போது மேனுவலுக்கு வயது 20. ஒலிம்பிக் நீச்சலில் தனிநபர் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்தான். இந்தப் போட்டியில் அமெரிக்கா தங்கம் வென்றே 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாக வென்றது 1984-இல்.

இவ்வளவு பெரிய செய்திக்கு சான் ஹோசே மெர்குரி நியூஸ் நாளிதழ் இணையத்தில் வைத்த தலைப்பு, மைக்கேல் பெல்ப்ஸ் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கருடன் சரித்திர இரவைப் பகிர்ந்துகொண்டதாகச் சொன்னது. அன்று பெல்ப்ஸ் 200 மீட்டர் தனிநபர் மெட்லியில் தொடர்ந்து நான்காவது ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவர் பெயர் முன்னால் நிற்பதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் மேனுவலின் பெயர் எங்கே? அவர் படித்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அந்த நாளிதழின் சொந்த வட்டாரத்தில் இருக்கிறது. எதிர்ப்பு கிளம்பியதும் தலைப்பு மாறியது, நாளிதழ் மன்னிப்பும் கேட்டது. அந்தத் தலைப்பு காட்டிக்கொடுத்த பார்வைக் கோளாறு அதோடு தீர்ந்துவிடவில்லை.

மேனுவலின் வெற்றி எதிர்பாராதது என்று அன்று பலரும் பேசினார்கள். 2015 மார்ச்சில் நடந்த அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்சிஏஏ போட்டியைக் கவனித்தவர்கள் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அங்கே 100 யார்டு ஃப்ரீஸ்டைலில் மேனுவல், லியா நீல், நாட்டலி ஹிண்ட்ஸ் என முதல் மூன்று இடங்களையும் கறுப்பினப் பெண்களே பிடித்தார்கள். ரியோவுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே தெரிந்த அறிகுறி அது.

மேனுவலின் நீச்சலையும் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். முன்னால் பாய்கிறவரைத் துரத்தித் தன் சக்தியை அவர் சீக்கிரமே கரைத்துவிடுவதில்லை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்துகொண்டு, இரண்டாவது 50 மீட்டரில் எதிராளியின் வேகம் குறையும்போது தன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். 2017 புடாபெஸ்ட் உலகப் போட்டியிலும் இதுவேதான் நடந்தது. சில நாட்களுக்கு முன்பு 51.71 விநாடியில் உலக சாதனை படைத்திருந்த ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரோம் முன்னிலையில் திரும்பினார். மேனுவல் 52.27 விநாடியில் அவரை முந்தித் தங்கம் வென்றார். வித்தியாசம் 0.04 விநாடி. ஒரே மாதிரி இருமுறை வென்றவரை அதிர்ஷ்டசாலி என்பது ஆட்டம் தெரிந்தவர் பேச்சாக இருக்காது.

நீச்சலைத்தான் பார்க்க வேண்டும் என்றால், இனத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? கட்டாயம் பேச வேண்டும். அமெரிக்காவில் நீச்சல் குளம் நெடுங்காலம் நிறவெறியின் கோட்டையாக இருந்தது. 1964 ஜூனில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில், கறுப்பினப் போராளிகள் வெள்ளையரோடு சேர்ந்து விடுதிக் குளத்தில் இறங்கியபோது, விடுதி மேலாளர் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். 1987-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் நிர்வாகி ஆல் காம்பனிஸ், கறுப்பினத்தவருக்கு மிதக்கும் தன்மை குறைவு என்று தொலைக்காட்சியிலேயே சொல்லிப் பதவி இழந்தார். சியோல் ஒலிம்பிக்கில் சுரினாமின் கறுப்பின வீரர் ஆண்டனி நெஸ்டி 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் அமெரிக்காவின் மேட் பியோண்டியை 0.01 விநாடி வித்தியாசத்தில் வென்று அந்தக் கட்டுக்கதையைத் தகர்த்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். ஆனாலும் குளத்தை மறுத்ததன் விளைவு பல தலைமுறைகளைத் தொடர்ந்து வருகிறது. ஆப்பிரிக்க அமெரிக்கக் குழந்தைகளில் 64 சதவீதத்தினருக்கு நீச்சல் தெரியாது அல்லது அரைகுறையாகத்தான் தெரியும் என்று 2017-இல் வெளியான ஆய்வு சொன்னது.

இந்தப் பின்னணியில் மேனுவலின் தங்கத்துக்கு இரட்டை எடை உண்டு. அது அவருக்கும் தெரியும். வென்றதும் மரிட்சா கொரேயா, கல்லன் ஜோன்ஸ் போன்ற கறுப்பின நீச்சல் முன்னோடிகளின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். தன்னைக் 'கறுப்பின நீச்சல் வீராங்கனை' என்று மட்டும் அழைக்காத நாள் வர வேண்டும் என்ற விருப்பத்தையும் சொன்னார். இரண்டும் முரணல்ல. வரலாற்றைச் சொல்லுங்கள், அதோடு என் நீச்சலையும் பாருங்கள் என்பதே அவர் கேட்டது. இனத்தைச் சொல்லிவிட்டுப் பெயரையும் உழைப்பையும் விட்டுவிடும் செய்தி, ஒரு வீராங்கனையை வெறும் அடையாளமாகச் சுருக்கிவிடுகிறது.

2019 குவாங்ஜு உலகப் போட்டியில் மேனுவல் 4 தங்கம், 3 வெள்ளி என 7 பதக்கங்கள் வென்றார். ஒரே உலகப் போட்டியில் அதுவரை வேறெந்த வீராங்கனையும் இத்தனை பதக்கம் பெற்றதில்லை. 2021-இல் அளவுமீறிய பயிற்சியால் உடல் சோர்ந்து, 100 மீட்டருக்கான அமெரிக்கத் தகுதிச் சுற்றின் இறுதிப் போட்டிக்கே வர முடியாமல் போனார். அதே தகுதிச் சுற்றில் 50 மீட்டரை வென்று டோக்கியோ சென்றார். 2024 பாரிஸில் தொடர் நீச்சலில் வெள்ளி வென்றார்.

இந்த ஏற்ற இறக்கங்களை விளையாட்டுக் கண்ணோடு அலசி எழுதுவதுதான் அவருக்குத் தரும் உண்மையான மரியாதை. 'முதல்' என்ற சாதனை ஒரு நாள் செய்தி. அதை எட்டிய உத்தியும் பயிற்சியும், குளத்தில் இறங்கத் தயங்கி நிற்கும் அடுத்த தலைமுறைக்குப் பாடம். இளம் கறுப்பினச் சாதனையாளர்களைப் பற்றி எழுதும் ஒவ்வொரு செய்தியாளரும் முதலில் அவர்கள் பெயரைச் சரியாக எழுதட்டும். பிறகு எப்படி வென்றார்கள் என்று விளக்கட்டும். அதன் பிறகு சொல்லும் வரலாறு இன்னும் ஆழமாகப் பதியும்.