தாளக்கட்டும் ஆயிரம் வரிகளும்

யுனிக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியில் ஏறத்தாழ 10,000 வரிகள் சி மொழியிலும் 1,000 வரிகள் அசெம்பிளி மொழியிலும் அமைந்திருந்தன எனக் கென் தொம்சன் 1978இல் எழுதினார். அசெம்பிளி வரிகளுள் 200 வேகங்கருதியவை, சியிலும் எழுதியிருக்கக்கூடியவை. எஞ்சிய 800 வரிகள் பொறியின் உறுப்புகளை நேரே இயக்குபவை. சி மொழியாற் சொல்ல இயலாதவை.

1973இல் இத்தளம் சிக்கு மாற்றப்பட்டதை மேல்மொழியின் வெற்றியெனக் கொள்வோர் இவ்வெண்ணூறு வரிகளைப் பழமையின் எச்சமாகவே காண்பர். இவ்வாசிப்புப் பிழையானது. மட்டக்களப்புக் கூத்தை ஏட்டுப் பிரதியாக மட்டும் பயிலும்போது நாமும் இப்பிழையையே செய்கிறோம். தருவையும் விருத்தத்தையும் இலக்கியமென ஆராய்ந்து, தாளக்கட்டைப் பொருளற்ற ஒலியெனத் தாண்டிவிடுகிறோம். தாளக்கட்டு சபையோரை நோக்கியதன்று; மத்தளத்துக்கும் ஆடுவோன் காலுக்கும் இடப்படும் கட்டளை அது. அதனைத் தருவாக மாற்றவியலாது. அதுவின்றி, வடமோடியாயினும் தென்மோடியாயினும், பாத்திரத்தின் வரவு நிகழாது.

இதனை அடித்தளம், மேற்கட்டுமானம் எனப் பொருத்திவிடும் ஆசை எழலாம். அது நம்மவரின் பழைய சோம்பல். இங்கு இரண்டும் மொழியே; வேறுபடுவது உழைப்பு. சி வரிகளிற் பெரும்பாலானவை வேறொரு பொறிக்கும் பெயர்ந்து செல்லும். எண்ணூறு வரிகளையோ பொறிதோறும் ஒருவர் புதிதாக எழுதியாக வேண்டும். ஒவ்வோர் ஊர்க் களரியிலும் புதிய கால்களுக்குத் தாளம் பழக்கும் அண்ணாவியாரின் உழைப்பும் அத்தகையது. ஏடெழுதியவரை மட்டும் ஆசிரியரெனத் தேடும் ஆய்வு அவ்வுழைப்பை எவ்விடத்திற் பதியும்?