கிழிசலை யார் பார்க்கிறார்கள்? - பழவேற்காட்டு ஜீன்ஸை முன்வைத்து

கிழிந்த துணியைத் தூக்கியெறியாமல் தைத்து உடுப்பது நுகர்வுக் கலாச்சாரத்துக்கு எதிரான செயல் என்று தோழர்கள் சிலர் கொஞ்ச காலமாகச் சொல்லி வருகிறார்கள். தையல் வெளியே தெரிய வேண்டும், ஒட்டு துருத்திக்கொண்டு நிற்க வேண்டும், அதுவே அதன் அரசியல் என்பது வாதம். இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் பெரும்பாலும் ஜீன்ஸ்தான். அதிலும் தறியிலிருந்து இறங்கியபின் சலவையே காணாத, கஞ்சி விறைப்போடு நிற்கிற 'ரா டெனிம்'. வாதத்தை முழுசாகத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. கிழிசலை யார் பார்க்கிறார்கள்?

துணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டெனிமில் பாவு நூல் நீலம், ஊடை வெள்ளை. அவுரிச் சாயம் (இன்றைக்குப் பெரும்பாலும் ரசாயன அவுரி, ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி 1897இல் சந்தைக்குக் கொண்டுவந்தது) நூலின் நடுவரைக்கும் போவதில்லை, மேலாகப் படிந்து நிற்கிறது. உரசுகிற இடத்தில் சாயம் உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிகிறது. முழங்கால் மடிப்பு, பர்ஸ் வைக்கிற பாக்கெட், சைக்கிள் சீட்டில் தேயும் தொடை என்று உடம்பின் பழக்கங்கள் துணியில் பதிவாகின்றன. மேற்கே இதை ஒரு வழிபாடாகவே செய்கிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் துவைக்காமல் போடுவது, பிறகு போட்டபடியே கடலில் இறங்கி மணலால் தேய்ப்பது. உடுத்தியவனின் உடம்பு எழுதிய பிரதி என்று கொண்டாடுகிறார்கள். கடைக்கு வரும்போதே நரைத்து வருகிற ஜீன்ஸோடு ஒப்பிட்டால் இதில் ஒரு நேர்மை இருப்பதை மறுக்க முடியாது. அந்தப் போலி நரைப்புக்காகத் துருக்கியில் அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சியடித்த இளைஞர்கள் சிலிக்கா தூசியில் நுரையீரல் கெட்டுச் செத்தார்கள். 2009இல்தான் அங்கே அது தடைசெய்யப்பட்டது. 'பழசு' என்ற குறிப்பானை உற்பத்தி செய்யப் புதுசு புதுசாக நுரையீரல்கள் தேவைப்பட்டன.

இப்போது பழவேற்காட்டுக்கு வருவோம். மணலும் கடலும் இங்கே வேண்டிய மட்டும் இருக்கின்றன. ஜீன்ஸோடு யாரும் இறங்குவதில்லை. நனைந்த டெனிம் கல்லாகக் கனக்கும், ஏரிச் சேற்றில் காலை எடுத்து வைக்க விடாது. உப்பு பட்டால் ஜிப் துருப்பிடிக்கும், செம்பு ரிவெட்டில் களிம்பு ஏறும். ஏரிக்குக் கைலியும் அரை டிராயரும்தான். ஜீன்ஸ் கரைக்கு உரியது. பொன்னேரிக்குக் காலேஜ் போகிற பையன் போடுகிறான். தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர்ப் பக்கம் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவன் போடுகிறான். அமெரிக்காவில் சுரங்கத்திலும் காட்டிலும் வேலை செய்தவர்களுக்காகத் தைக்கப்பட்ட உழைப்பின் உடை, இந்தக் குப்பங்களில் ஏரி வேலை முடித்துக் குளித்தபிறகு போடுகிற உடை. அப்பன் தொழிலிலிருந்து ஒரு எட்டு தள்ளி நிற்கிறேன் என்று சொல்கிற உடை. குறி தலைகீழாகிவிட்டது. தோழர்களின் வாதம் இடறுவது இங்கேதான்.

கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான தையல்கடை ஒன்று உண்டு. பாய்க்கு அறுபது வயசு தாண்டியிருக்கும், மிஷினுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கின ஜீன்ஸ் கடைசியில் அவரிடம் வந்து சேரும், ஏனென்றால் எல்லாமே நீளம். சலவை காணாத முரட்டுக் கருநீலமும் அதில் வரும். 'தண்ணி காட்டாம அளவெடுத்தா அப்புறம் கணுக்கால் தெரியும் சார்' என்கிறார். ஆலையிலேயே சுருக்கம் நீக்காத டெனிம் முதல் நனைப்பில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும்கூடச் சுருங்கும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, ஆளைச் செருப்போடு நிற்கவைத்து சாக்கட்டியால் குறிக்கிறார். பக்கத் தையல் வருகிற இடத்தில் மடிப்பு மேல் மடிப்பாகத் துணி மொத்தையாகத் திரண்டுவிடும். அதைச் சுத்தியலால் தட்டி அமுக்கி, பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டு, மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு தையலாக இறக்குகிறார். பேர்பெற்ற கம்பெனிகளின் அடிமடிப்பில் சங்கிலித் தையல் இருக்கும். துவைக்கத் துவைக்க அது முறுக்கிக்கொண்டு கயிறு திரித்த மாதிரி வரி விழும். அந்த வரிக்காகவே பழைய அமெரிக்க மிஷினைத் தேடி அலைகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்றேன். பாய் அசரவில்லை. 'ஒரு நூல் அறுந்தா மொத்தமும் உருவிக்கும். நம்ம தையல் உருவாது.'

கிழிசல் என்றால் வேறு வேலை. வெட்டியெடுத்த கால்துண்டையே உட்பக்கம் ஒட்டாக வைத்து, பாவு நூல் ஓடுகிற திசையில் முன்னும் பின்னுமாக நெருக்கி ஓட்டுகிறார். நடுநடுவே நூல்கண்டு மாறும். கருத்த இடத்துக்குக் கருநீலம், நரைத்த இடத்துக்கு நரைத்த நூல். கிழிசல் கொண்டுவருகிற பையன்கள் எல்லாரும் சொல்வது ஒரே வாசகம்: 'வெளிய தெரியாம தெச்சிக் குடு பாய்.'

இது வெட்கம், போலி கௌரவம் என்று சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிடலாம். எழுத விடாமல் தடுப்பது அதே பையன் சாயங்காலம் கரையில் செய்கிற வேலை. கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, வலை ஊசியால் அறுந்த கண்ணியைக் கட்டுகிறான். அங்கே ஒளிவுமறைவு இல்லை. பச்சை வலையில் நீல முடிச்சு பளிச்சென்று தெரிகிறது. யார் கட்டியது என்று கேட்டால் பெயர் வருகிறது. நம் அகராதியில் பொத்தல் என்றால் ஓட்டை. பொத்துதல் என்றால் மூடுவது, தைப்பது. இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில் கரையில் யாருக்கும் சங்கடமில்லை. வலையைப் பார்ப்பது ஏரியும் பங்காளிகளும். ஜீன்ஸைப் பார்ப்பது கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, மேஸ்திரி, வகுப்பில் பக்கத்து பெஞ்சு. பேச்சை வைத்தே குப்பத்துக்காரன் என்று வாசித்து முடித்துவிட்டவர்களுக்கு இன்னொரு தடயம் கொடுக்க அவன் தயாராயில்லை. நகரத்து நண்பர் முழங்காலில் ஒட்டைக் காட்டிக்கொண்டு வரும்போது, புதுசு வாங்க முடிந்தவர் என்பது அவருடைய மற்ற எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறது. அந்த எழுத்து இல்லாதவன் உடம்பில் ஒட்டு வெறும் ஒட்டு.

(வலையைப் பற்றியும் ரொம்பக் கனவு காண வேண்டாம். ஒற்றை இழை நைலானில் வருகிற நரம்பு வலை மலிவு. அறுந்தால் கட்டுவதைவிட மாற்றுவது லாபம். வலை ஊசிக்கு வேலை குறைந்துகொண்டு வருகிறது.)

தமிழில் இந்தப் பார்வைப் பிரச்சினை பழசு. பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்தியிருப்பது வேர்வையில் ஊறி, பேன் குடியேறி, அந்நிய நூல்களால் தைத்துத் தைத்து நிற்கிற கந்தல். கரிகாலன் அதைக் களையவைத்துப் பாம்புச் சட்டை போல மெல்லிய துணி தருகிறான். எம்.ஏ. வகுப்பில் இதை வள்ளன்மைக்கு எடுத்துக்காட்டாகத்தான் படித்தோம். கந்தல் அங்கே இருப்பதே களையப்படுவதற்காக, புரவலனின் கண்ணுக்காக. அந்த நூலைக் கோத்த கை யாருடையது என்ற கேள்விக்குப் பாட்டில் இடமில்லை. சிலப்பதிகாரமோ புகாரின் தொழிலாளர் வரிசையில் துன்னகாரரைப் பெயர் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. இன்றைய ஒட்டு அழகியல் கந்தலைக் களைவதற்குப் பதில் காட்சிக்கு வைக்கிறது. பார்க்கிறவன் உட்கார்ந்திருக்கும் ஆசனம் மாறவில்லை.

மூலதனத்தின் முதல் அத்தியாயத்தில் இருபது கெஜம் லினன் ஒரு கோட்டுக்குச் சமம் என்று கணக்குப் போட்ட மார்க்ஸின் சொந்தக் கோட்டு பல தடவை அடகுக்கடைக்குப் போய்வந்தது. கோட்டு அடகில் இருப்பதால் வெளியே போக முடியவில்லை என்று 1852இல் எங்கெல்சுக்கு எழுதினார். இதை வைத்து 1998இல் ஒரு கட்டுரை எழுதிய பீட்டர் ஸ்டாலிபிராஸ், முழங்கையில் விழும் சுருக்கங்களுக்கு அந்தக் காலத்துத் தையல்காரர்கள் 'ஞாபகங்கள்' என்று பெயர் வைத்திருந்ததைச் சொல்கிறார். அடகுக்கடைக்காரனுக்கு ஞாபகம் என்பது விலையைக் குறைக்கிற பழுது. ரா டெனிம்காரருக்கு ஞாபகம் விலையைக் கூட்டுகிறது. பழவேற்காட்டுப் பையன் அறிந்தது அடகுக்கடைக்காரனின் கண்ணை.

இந்த ஊருக்கே துணி விஷயத்தில் ஒரு ஞாபகம் உண்டு. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது துணி வியாபாரத்துக்காக. சுற்றுவட்டாரத் தறிகளின் கட்டம்போட்ட துணி இந்தத் துறை வழியாகக் கிழக்கே போனது. மலாய்க்காரர்கள் கட்டம்போட்ட கைலியை இன்றைக்கும் 'பெலிகாட்' என்கிறார்கள், அது பழவேற்காட்டின் பெயர். அதே கம்பெனி பதினேழாம் நூற்றாண்டில் இதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு ஏற்றியது. துணிக்கு ஊர்ப்பெயர் தங்கிவிட்டது. நெய்தவர்களுக்கும் ஏற்றப்பட்டவர்களுக்கும் பெயர் இல்லை. ஜீன்ஸ் கதையும் கொஞ்சம் இப்படித்தான். ரிவெட் அடித்தால் பாக்கெட் கிழியாது என்று கண்டவர் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர். 1873இல் அவரோடு சேர்ந்து காப்புரிமை வாங்கியவர் துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸ். லேபிளில் யார் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

தையல்காரரை நடுவில் வைத்த ஒரு முயற்சி ஆலை முதலாளியிடமிருந்தே வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1995இல் அகமதாபாத் அரவிந்த் மில்ஸ் 'ரஃப் அண்ட் டஃப்' என்று தைக்காத ஜீன்ஸை விற்றது. டெனிம், ஜிப், ரிவெட், லேபிள் எல்லாம் ஒரே கட்டில், விலை 195 ரூபாய். உள்ளூர்த் தையல்காரர் தைத்துக் கொடுக்க வேண்டும். ஏழைகளின் சந்தையைப் பிடித்த உத்தி என்று நிர்வாகவியல்காரர்கள் பின்னாளில் பாராட்டி எழுதினார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு: கொஞ்ச காலம் இந்த நாட்டில் ஜீன்ஸ் அளவெடுத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. பாயும் அந்தக் கட்டுகளைத் தைத்தவர்தான். 'அப்ப நீளம் குறைக்கிற வேலையே கிடையாது சார். காலுக்குத்தான் துணி.' பிறகு ரெடிமேட் விலை இறங்கியது. முழு ஜீன்ஸ் தைத்த கைக்கு வெட்டுவதும் மடிப்பதும் ஒட்டுப்போடுவதும் மிஞ்சின.

தெரியாத தையலில் இதனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அது பையனின் கிழிசலை மறைக்கிறபோது பாயின் உழைப்பையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. போன தடவை நான் அங்கே இருந்தபோது ஒருவன் ஜீன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திருப்திதான், ஆனால் கூலியைக் கேட்டதும், 'ஒண்ணுமே பண்ணாத மாரி கீது, இதுக்கா பாய் இவ்ளோ?' என்றான். பாய் ஒன்றும் பேசாமல் ஜீன்ஸை வாங்கி உள்பக்கத்தை வெளியே இழுத்து அவன் முன்னால் மேஜையில் விரித்துப் போட்டார்.