முதல் அப்பீலுக்கு ஒரு தேதி வேண்டும்

ஆயுள் தண்டனை என்று செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு சொன்னதும் குடும்பத்தார் வக்கீலிடம் முதலில் கேட்பது, "சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போகலாம் இல்லையா சார்?" என்பதைத்தான். போகலாம். உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு, பிறகு டெல்லியில் சிறப்பு அனுமதி மனு, சீராய்வு மனு, அதுவும் தோற்றால் 2002இல் உச்சநீதிமன்றமே திறந்துவிட்ட கியூரேட்டிவ் மனு, கடைசியாக ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ கருணை மனு. ஆனால் சாட்சியம் முழுவதையும் மறுபடி எடைபோடச் சொல்லும் உரிமை பெரும்பாலோருக்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது முதல் மேல்முறையீடு. அதைத்தான் நம் அமைப்பு மிகவும் அலட்சியமாக நடத்துகிறது.

அதன் வலு எங்கே என்று பாருங்கள். அரசுத் தரப்பு முதல் சாட்சி குறுக்கு விசாரணையில், "போலீசார் விசாரித்தபோது எதிரியின் பெயரை நான் சொல்லவில்லை என்றால் சரிதான்" என்று சொல்லியிருப்பார். கீழ்க்கோர்ட் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கும். எஃப்.ஐ.ஆர். தன் கைக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று மாஜிஸ்திரேட் அதன்மேல் எழுதியிருப்பார். காலை 8 மணிக்குப் பதிவானதாகச் சொல்லப்படும் அறிக்கை, அதே ஊர்க் கோர்ட்டுக்கு நள்ளிரவில் வந்திருந்தால் இடையில் என்ன நடந்தது? சாட்சியும் தடுமாறும் வழக்கில் இந்தக் கேள்வி தண்டனையையே கவிழ்த்துவிடும். தண்டிக்கப்பட்டவர் மட்டும் அப்பீல் செய்திருந்தால் அதில் தண்டனையைக் கூட்டவும் முடியாது. சிறப்பு அனுமதி மனு அப்படியல்ல. அதை ஏற்பது நீதிமன்றத்தின் விருப்பம், ஒற்றை வரியிலும் தள்ளுபடியாகலாம்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டைக் கெடுப்பது காலம். அப்பீல் போட்டதாலேயே தண்டனை நின்றுவிடாது, அதற்குத் தனியாக மனு போட வேண்டும். 3 ஆண்டுக்கு மேற்படாத சிறை என்றால், ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவருக்கு, அப்பீல் போடும் வரை தண்டித்த கோர்ட்டே ஜாமீன் தரலாம். ஆயுள் தண்டனை என்றால் தண்டனை நிறுத்திவைப்பு கிடைப்பது அரிது. மனு தள்ளுபடியானவர் உள்ளே காத்திருக்க, கோப்பு பட்டியலுக்கு வர ஆண்டுகள் ஆகின்றன. கடைசியில் விடுதலையே கிடைத்தாலும் அவர் தண்டனையில் பெரும்பகுதியை அனுபவித்து முடித்திருப்பார். செய்யாத குற்றத்துக்கு ஒருவரை ஐந்தாறு ஆண்டு அடைத்துவைப்பது எந்த நியாயம் என்று 1977இல், காஷ்மீரா சிங் வழக்கில், உச்சநீதிமன்றமே கேட்டது.

வேகம் சாத்தியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு 2014 செப்டம்பர் 27 அன்று தண்டனை விதிக்கப்பட்டது, அக்டோபர் 17 அன்று ஜாமீன் கிடைத்தது. அப்பீலை விசாரிக்க உச்சநீதிமன்றம் கெடு விதித்தது. 2015 மே 11 அன்று கர்நாடக உயர்நீதிமன்றத் தீர்ப்பே வந்துவிட்டது. அந்த விடுதலை 2017இல் ரத்தானது வேறு விஷயம். எட்டு மாதத்தில் ஓர் அப்பீலை முடிக்க முடியும் என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

பணமில்லாதவருக்குச் சட்டம் சிறை மேல்முறையீடு என்றொரு வழி வைத்திருக்கிறது. சிறை அதிகாரியிடம் மனுவைக் கொடுத்தால் அவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். தீர்ப்பின் நகலும் இலவசம், சட்ட உதவி வக்கீலும் உண்டு. ஆனால் அந்த வக்கீல் கட்சிக்காரரின் முகத்தைப் பார்க்காமலே வாதாட நேர்கிறது. கோப்பில் இல்லாததைச் சொல்லக்கூடியவர் அந்தக் கைதி ஒருவர்தான்.

மேலே இருக்கும் படிகள் இந்தக் குறையை ஈடுகட்டிவிடும் என்று நம்பவும் முடியவில்லை. மகாராஷ்டிரத்தில் 2003இல் நடந்த ஒரு கொலை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. உச்சநீதிமன்றமோ 2009இல் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. போலீஸ் காட்டிய புகைப்படங்களில் வேறு நான்கு பேரைச் சாட்சி அடையாளம் காட்டியிருந்தது முதலிலிருந்தே ஆவணத்தில் இருந்தது. சீராய்வு மனுவை மறுபடி விசாரித்த பிறகு, 2019இல்தான் அதற்கு உரிய மதிப்புக் கிடைத்து ஆறு பேரும் விடுதலையானார்கள். ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதுவும் அந்த வழக்கில் நீதிமன்றம் போட்ட உத்தரவு. இப்படித் தவறாகச் சிறையிலிருந்தவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் வேண்டும் என்று 2018இல் சட்ட ஆணையம் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அப்பீலின் இந்தத் தாமதத்தைத் திருத்தியிருக்கலாம். ஆனால் அப்பீல் அத்தியாயத்தில் பெரும்பாலும் பிரிவு எண்கள்தான் மாறின. அப்பீல் போட நமக்குக் கெடு உண்டு, உயர்நீதிமன்றத்துக்கு 60 நாள், தூக்குத் தண்டனை என்றால் 30 நாள். அதை விசாரித்து முடிக்க நீதிமன்றத்துக்குக் கெடு இல்லை. ஆகவே, தண்டனை நிறுத்திவைப்பு மனுவைத் தள்ளுபடி செய்யும் உத்தரவிலேயே இறுதி விசாரணைத் தேதியையும் எழுத வேண்டும். அந்தத் தேதியில் விசாரணை தொடங்காவிட்டால், கைதியின் தவறில்லாதபோது, அவர் ஜாமீனில் வெளியே வர வழி இருக்க வேண்டும்.