டிஃபெண்டருக்கு டிஸ்க் ஹேண்ட் பிரேக்: சேற்றுக்கும் தாங்கும், சட்டத்துக்கும் பொருந்தும்

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் கடைசி வண்டி 2016 ஜனவரியில் இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. உற்பத்தி நின்றாலும் வேல்ஸ் மலைப்பாதைகளில் அந்த வண்டிகளை இன்றும் பார்க்கலாம். பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், வின்ச் என்று அதற்குச் செலவழிப்பவர்கள் பலர். ஹேண்ட் பிரேக்கைக் கவனிப்பவர்கள் குறைவு. ஆனால் இரண்டு டன் வண்டியைச் சரிவில் விட்டு இறங்கிப் போகும்போது நாம் நம்பி இறங்குவது அதைத்தான்.

டிரம்மில் என்ன சிக்கல்?

டிஃபெண்டரின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் 10 அங்குல டிரம்மாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே கிடைக்கும் பிடியைப் பின் ஆக்சில் 3.54 மடங்காக்கிச் சக்கரத்துக்குக் கொடுப்பதால் ஒரே ஒரு டிரம் போதுமானதாக இருக்கிறது.

தார்ச்சாலையில் இது நன்றாகவே வேலை செய்யும். ஓடையைக் கடந்து, சேற்றில் புரண்டு வரும் வண்டியில்தான் தொல்லை. டிரம்முக்குள் புகுந்த சேற்றுக்குழம்பு எளிதில் வெளியேறாது. அங்கேயே காய்ந்து லைனிங்கை அரம்போல ராவிவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஆயில் சீல் கசிந்தாலோ லைனிங் எண்ணெயில் ஊறிப்போகும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நழுவும்.

பொருத்தும் வேலை

இதற்கு மாற்றாகப் பிரிட்டனில் பெயர்பெற்றது எக்ஸ்-எங் நிறுவனத்தின் எக்ஸ்-பிரேக். டிரம், ஷூ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு டிஸ்க்கையும் காலிப்பரையும் பொருத்துகிறோம். வண்டிக்குள் இருக்கும் லீவர் மாறாது. ஹைட்ராலிக் எண்ணெயும் கிடையாது. லீவரை இழுத்தால் காலிப்பர் இரு பேடுகளையும் டிஸ்க்கோடு நெரித்துப் பிடிக்கும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய அந்தக் கணத்திலிருந்து வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கே இல்லை. நட்டுகளுக்கு 9/16 அங்குல ஸ்பானர் வேண்டும். மிகவும் படுத்துவது டிரம்மைப் பிடித்திருக்கும் ஸ்குரூதான். துரு ஏறியிருந்தால் சாதாரண ஸ்குரூடிரைவருக்கு அசையாது. தலை வழுக்கிப் போவதற்குள் இம்பாக்ட் டிரைவரை எடுத்துவிடுங்கள். சீல் கசிகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். கசியும் சீலை அப்படியே விட்டால் புதுப் பேடும் எண்ணெயில் நனையும்.

ஓட்டிப் பார்த்ததில்

புதிய பேடுகள் டிஸ்க்கில் படியும்வரை பிடி சுமார்தான். கிட்டோடு வரும் குறிப்பில் சொன்னபடி படிய வைத்த பிறகு வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. முழங்கால் அளவுத் தண்ணீரைக் கடந்து கரையேறியதும் லீவரை இழுத்தேன். பிடித்து நின்றது. டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் சேறு தங்குவதில்லை. எஞ்சியதைப் பிரஷர் வாஷர் ஒரு நிமிடத்தில் கழுவிவிடுகிறது. பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாலே தெரியும். பேட் தேயத் தேய இடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். அது இந்த வடிவமைப்பின் வரம்பு; சர்வீஸ் அட்டவணையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சில குணங்கள் டிஸ்க்கிலும் மாறாது. கால் பிரேக்கை விட்டதும் பற்சக்கரங்களின் இடைவெளி அளவுக்கு வண்டி சற்றே அசைந்துதான் நிற்கும். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் அது டிஃபரன்ஷியல் வழியாகத் தாராளமாகச் சுழலும், வண்டி உருண்டுவிடும். அதனால் சென்டர் டிஃப் லாக்கைப் போடுங்கள், கட்டையும் வையுங்கள். ஓடும் வண்டியில் இந்த லீவரை இழுக்கவே கூடாது. அந்த அதிர்ச்சி முழுவதும் டிஃபரன்ஷியலுக்கும் ஆக்சில் ஷாஃப்ட்டுக்கும் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டு வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளின்படி, நிறுத்திய வண்டியைப் பிடித்து வைப்பது நேரடி இயந்திர இயக்கமாக இருக்க வேண்டும். வண்டி 16 சதவீதச் சரிவில் நகராமல் நிற்க வேண்டும். முழுப் பாரம் ஏற்றிய 3,050 கிலோ வண்டியைச் சரிவு கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 480 கிலோ எடைக்குச் சமம். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் கணக்கிட்டால் அது சுமார் 530 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஏறத்தாழ 32 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் போட்டால், அதே பிரேக் தரையில் தரும் பிடி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெரிய டயர் போட்டவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது.

பந்தய வண்டிகளில் வைக்கும் லைன் லாக்கை மட்டும் நம்பி இயந்திர ஹேண்ட் பிரேக்கைக் கழற்றிவிடுவது சாலை வண்டிக்கு ஆகாது. அது எண்ணெய் அழுத்தத்தைக் குழாயில் அடைத்து வைக்கிறது. ஒரு சிறு கசிவு போதும், அழுத்தம் இறங்கி வண்டி உருளத் தொடங்கும். விதி இயந்திரப் பிடியைக் கேட்பது இந்த ஆபத்துக்காகத்தான். எக்ஸ்-பிரேக்கின் பிடி முழுவதும் இயந்திர இயக்கம் என்பதால் அந்தத் தடை இதற்கு இல்லை. ஆனாலும் பிரேக்கை மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

வாங்கலாமா?

சேறும் ஓடையும் உங்கள் வழக்கமான பாதை என்றால் தயங்காமல் வாங்குங்கள். வின்ச்சுக்கு முன்னால் இதற்குச் செலவழியுங்கள். சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்குப் புது ஷூவும் நல்ல ஆயில் சீலும் போதும். டிஸ்க்குக்கு ஆகும் பணம் மிச்சம். எதைப் போட்டாலும், சரிவில் நிறுத்தும்போது ஒரு கட்டையை எடுத்துச் சக்கரத்தின் அடியில் வையுங்கள். கீழே நடந்து போகிறவரின் உயிர் அந்த வண்டி நிற்பதை நம்பி இருக்கிறது.