தொண்ணூற்றைந்தாவது உடல்

எல்லிஸ் பீட்டர்ஸ் என்னும் புனைபெயரில் எடித் பார்ஜெட்டர் (1913–1995) எழுதிய கேட்ஃபேல் நாவல்கள் இருபதையும் அண்மையில் மீண்டும் வாசித்தோம். 1977இல் தொடங்கி 1994இல் நிறைவுற்ற வரிசை இது. பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஸ்டீபன் மன்னரும் பேரரசி மாடும் அரியணைக்காகப் பொருதிய காலம். ஷ்ரூஸ்பரி மடாலயத்தின் மூலிகைத் தோட்டத்தைப் பேணும் துறவி கேட்ஃபேல், தம்மைச் சுற்றி நிகழும் கொலைகளின் மர்மத்தை அவிழ்க்கிறார். கொலையாளி யாரென்று அறிந்த பின்னும் இக்கதைகள் சுவை குன்றவில்லை. துப்பறியும் கதைக்கு இதனினும் கடிய சோதனை வேறில்லை.

முன்பு நம்மை ஈர்த்தது கேட்ஃபேலின் கடந்த காலம். அவர் முதலாம் சிலுவைப் போரில் பங்கேற்ற வேல்ஸ் நாட்டவர். எனினும் கிழக்கிலிருந்து அவர் கொண்டு வந்தது பகைமையன்று, மருத்துவ அறிவு. அதே காலத்தவரான ஷைஸர் நகரத்து உஸாமா இப்னு முன்கித் (1095–1188) தமது 'கிதாபுல் இஃதிபார்' நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். வீரன் ஒருவனின் காலிலிருந்த கட்டியைச் சிரியக் கிறிஸ்தவ மருத்துவர் பற்றிட்டு உடைத்து ஆற்றிவருகையில், பிராங்கிய மருத்துவர் அக்காலைக் கோடரியால் வெட்டச் செய்து அவனைச் சாகடிக்கிறார். (பிராங்கியரின் சிகிச்சை பலித்த நிகழ்ச்சிகளையும் உஸாமா மறைக்கவில்லை.) அந்தக் கோடரியை விடுத்துப் பற்றைக் கற்றுத் திரும்பியவராகவே கேட்ஃபேல் நமக்குத் தோன்றினார்.

இம்முறை நம்மை நிறுத்தியது 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி' (1979). 1138இல் ஷ்ரூஸ்பரிக் கோட்டை வீழ்ந்ததும் ஸ்டீபன் தூக்கிலிட்ட 94 பேரின் உடல்களை அடக்கம் செய்ய வருகிறார் கேட்ஃபேல். எண்ணிப் பார்க்கிறார்; 95 இருக்கின்றன. போரின் பிணக்குவியலுக்குள் மறைக்கப்பட்ட அந்த ஒற்றைக் கொலைக்கு நீதி கோரி அவர் நிற்குமிடம் இவ்வரிசையின் உச்சம் என்போம்.

ஆயின் இந்த மனிதர் 1098இல் அன்தாக்கியாவில் இருந்தவர். அங்கும், மறு ஆண்டு பைத்துல் முகத்தஸிலும் கொல்லப்பட்டோரை எண்ணியவர் எவருமிலர். வருத்தம் அவரிடம் உண்டு. அதை மறுப்பது அநீதி. எனினும் அந்தப் பிணங்கள் நினைவாகவே நிற்கின்றன, வழக்காகவில்லை.

அன்தாக்கியாவில் அவர் நேசித்த கைம்பெண் மரியமும் அவ்வாறே: நினைவு மட்டுமே. அவள் மகன் தாவூத், தாய் இறந்தபின் தந்தையின் மதத்தைத் தழுவி, ஒலிவியர் என்னும் பெயருடன் 'த வர்ஜின் இன் தி ஐஸ்' (1982) நாவலில் இங்கிலாந்து வருகிறான். இறுதி நாவலில், சிறைப்பட்ட அம்மகனை மீட்க மடத்தின் அனுமதியையும் கடந்து செல்கிறார் கேட்ஃபேல். கண் கலங்காமல் அப்பகுதியைப் படிக்க நமக்கு இயலவில்லை. தாவூத் தாவூதாகவே வந்திருந்தால் இவ்வரிசையில் அவனுக்கு என்ன இடம் கிடைத்திருக்கும் என்று எண்ணாமலும் இருக்க இயலவில்லை.

தாம் பிறந்த ஷ்ராப்ஷையரை எழுதியவரிடம் சிரியாவைக் கேட்பது முறையா என வாசகர் வினவலாம். கதவைத் திறந்தவர் அவரே. நகரம் வீழ்ந்த அந்த ஜூன் மாதத்தை மரியமின் கண்வழியே காட்டும் நாவல் இருபதில் ஒன்றுமில்லை.